அண்ணன் பேர் வைக்கும் வரை

முதலில் வந்தது சத்தம்தான். பங்குனி மாசத்து ஒரு ராத்திரியில், நெடுங்கரை ஊர் சாப்பிட்டுக் கைகழுவிப் பாய்போட்ட நேரத்தில், யாரோ ஆகாசம் அகலத்துக்கு ஒரு சல்லடையை வைத்துக்கொண்டு ஓய்ச்சல் இல்லாமல் சலிப்பதுபோல சரசரவென்று ஒரு சத்தம் எழும்பி, சந்தைப்பேட்டையைத் தாண்டி, வண்டிக்காரத் தெருவைத் தாண்டி, தூளிக்குப் பக்கத்தில் கண்ணயர்ந்திருந்த திலகவதியின் காதுவரைக்கும் வந்து நின்றது. மழையோ என்று ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்தாள். கை காய்ந்தே இருந்தது. எதிர்வீட்டு ஜன்னலிலும் ஒரு கை நீண்டிருந்தது. அது சரோஜா அக்காவின் கை. இரண்டு கைகளும் கொஞ்ச நேரம் இருட்டில் அப்படியே நின்றுவிட்டு உள்ளே போயின.

பால்காரர் விடிந்ததும் விஷயத்தைக் கொண்டுவந்தார். குலோத்துங்கன் அண்ணன் உடம்பிலிருந்து மணல் கொட்டுகிறது. ராத்திரி தூங்கப் போனவர் தூக்கத்தில் ‘பொய், பொய்’ என்று இரண்டு தடவை புலம்பியிருக்கிறார், அப்போது ஆரம்பித்ததாம். சட்டைக்கையிலிருந்து கொட்டுகிறது, வேட்டி மடிப்பிலிருந்து கொட்டுகிறது, பேச வாயைத் திறந்தால் ஒரு பிடி வாயிலிருந்தும் விழுகிறது. கட்டில்கால் முழங்கால் உயரத்துக்குப் புதைந்துவிட்டதாம். மற்றபடி அவருக்கு ஒரு நோவும் இல்லை, நாலு இட்லி சாப்பிட்டார் என்றும் பால்காரர் சொன்னார்.

நெடுங்கரைக்குப் பத்து வருஷமாக எம்.எல்.ஏ. குலோத்துங்கன்தான். குடைக் கட்சி. மூன்றாவது முறையாக நிற்கிறார். முந்தின நாள் காலைப் பேப்பரில்தான் அந்தப் படங்கள் வந்திருந்தன: ஊரின் ஆற்றுக்குள் அவருடைய லாரிகள், ஒன்றன்பின் ஒன்றாக, எறும்புச் சாரைபோல. ஆற்றில் பனைமரம் ஆழத்துக்குப் பள்ளம். போன ஆடியில் குளிக்கப் போன தெற்குத் தெருப் பிள்ளைகள் இரண்டு பேர் முங்கிப்போனது அந்தப் பள்ளத்தில்தான். சாயங்காலம் மைக்கைப் பிடித்து, ‘ஒரு கைப்பிடி மணலை நான் எடுத்திருந்தால்’ என்று அண்ணன் ஆரம்பித்தார். அந்த வாக்கியத்தை முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. ராத்திரி மணல் வந்துவிட்டது.

இதை ஒரு ஊர் எப்படித் தாங்கும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். நெடுங்கரை தாங்கியது. நெடுங்கரை எதையும் தாங்கும்.

முதல் நாள் குடைக் கட்சிக்காரர்கள் மணலே கொட்டவில்லை என்றார்கள். இரண்டாம் நாள், மணல் கொட்டுகிறதுதான், ஆனால் அது எதிர்த்து நிற்கிற மணிக் கட்சிக்காரன் ராத்திரியோடு ராத்திரியாகக் கூரை ஓட்டைப் பிரித்துக் கொட்டிவிட்டுப் போனது என்றார்கள். மூன்றாம் நாள், எல்லாத் தலைவர்களுக்கும்தான் கொட்டுகிறது, மற்றவர்கள் துடைத்துக்கொண்டு மேடையேறுகிறார்கள், நம் அண்ணன் மறைக்கத் தெரியாதவர் என்றார்கள். நாலாம் நாள் மகளிர் அணிப் பெண்கள் அந்த மணலை அள்ளிப் பாத்திரம் தேய்த்துப் பார்த்துவிட்டு, இந்தப் பளபளப்பு எந்தக் கடைப் பொடிக்கு வரும் என்று தெருத்தெருவாகச் சொன்னார்கள். ஐந்தாம் நாள் பிரச்சார வேன் புறப்பட்டபோது, தொண்டர்கள் இரண்டு பக்கமும் குடைகளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். அண்ணன் பேசப்பேசக் குடைகள் நிறைந்தன, நிறைந்த குடைகளை வாசல்களில் கவிழ்த்தார்கள், வாங்கிக்கொண்டவர்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ‘எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கிற தலைவன் இந்தத் தமிழ்நாட்டில் வேறு எவன் இருக்கிறான்?’ என்று சுவரில் எழுதினார்கள்.

அந்த வரியை யோசித்துக் கொடுத்தவன் திலகவதியின் புருஷன் செங்குட்டுவன். பஸ் ஸ்டாண்டில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தான், கட்சியின் ஐ.டி. அணியிலும் இருந்தான். வரியை எழுதிய அன்று ராத்திரி அவன் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்துத் திலகவதிக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்? அவளும் குடைக் கட்சி வீட்டுப் பெண்தான். ஸ்கூலில் சிஸ்டர் ‘பெரியவளானால் என்ன ஆவாய்’ என்று கேட்டபோது டாக்டர், டீச்சர் என்று வரிசையாகச் சொன்ன பிள்ளைகளுக்கு நடுவில், ‘கவுன்சிலர், சிஸ்டர்’ என்று சொன்னவள். மயில்நீலக் கரை வேட்டியைப் பார்த்தாலே அவளுக்கு முதுகு தானாக நிமிரும்.

மாமனார் அறிவொளியின் பெருமையோ வேறு அளவு. பதினாலாவது வார்டுச் செயலாளர். கட்சிப் போராட்டத்தில் இருபத்திரண்டு நாள் ஜெயிலில் இருந்தவர். அவர் பெற்றோர் வைத்த பேர் என்ன என்று அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. கட்சியைத் தொடங்கிய தலைவரே மேடையில் ஏற்றி ‘அறிவொளி’ என்று மாற்றிவைத்தார். அடுத்து வந்த தலைவர், ரயிலடியில் மாலைக்கும் கூட்டத்துக்கும் நடுவே, அவர் மகனை இரண்டு கையாலும் வாங்கிச் செங்குட்டுவன் என்று பேர் வைத்தார். குடைக் கட்சி வீடுகளில் பிள்ளைக்குப் பேர் வைப்பது தாயோ தகப்பனோ அல்ல. தலைவர் வரவேண்டும். மாசக்கணக்கில் ஆனாலும் காத்திருக்கவேண்டும். அதுவரைக்கும் பாப்பா பாப்பாதான். தலைவர் வாயால் ஒரு தடவை பேர் விழுந்துவிட்டால் அப்புறம் அதை எவனும் மாற்றமுடியாது.

திலகவதியின் மகளுக்கு நாலு மாசம். தடுப்பூசி அட்டையில் ‘திலகவதியின் பெண் குழந்தை’ என்று எழுதியிருந்தது. இப்போது நெடுங்கரைக்குத் தலைவர் என்ற முறையில் பேர் வைக்க வரப்போகிறவர் குலோத்துங்கன் அண்ணன்.

அவளுக்கு முதன்முதலில் பயம் வந்தது பவித்ராவின் வீட்டில். பவித்ரா அடுத்த தெரு. திலகவதிக்கு ஒரு வாரம் முன்னால் அதே ஆஸ்பத்திரியில் பெற்றவள். பிரச்சாரத்தின் ஆறாம் நாள் அண்ணன் அவள் பையனுக்கு ‘வெற்றிக்கொடி’ என்று பேர் வைத்தார். காதில் மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் கொஞ்சம் மணல் பிள்ளையின் காதிலும் வாயிலும் விழுந்தது. கூட்டம் கைதட்டியது.

‘தூக்கிப் பாரேன்’ என்றாள் பவித்ரா.

திலகவதி தூக்கினாள். பிள்ளை வரவில்லை. இடுப்பை வளைத்து, பல்லைக் கடித்து இன்னொரு தடவை தூக்கினாள். ஒரு சாண் எழும்பியது. ஈரச் சாக்கு மூட்டையைத் தூக்குவதுபோல இருந்தது. பிள்ளையின் வயிற்றுக்குள், ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு, எதுவோ சரசரவென்று சரிந்தது. பிள்ளை அழவில்லை. கண்ணைத் திறந்து அமைதியாக மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

‘என்னடி இது?’

‘பேர் வச்ச அன்னிக்கே தூளிக் கயிறு அறுந்துபோச்சுக்கா. இப்போ தரையிலதான் போட்டிருக்கேன்.’ பவித்ரா சிரித்தாள். ‘எங்க மாமியாருக்கு ஒரே சந்தோஷம். கட்சிப் பிள்ளைன்னா இப்படித்தான் திடமா இருக்கணுமாம். அழுகையே இல்லை, தெரியுமா? ராத்திரி பூரா தூங்குறேன்.’

‘நீ தூக்குறியா அவனை?’

பவித்ரா சிரிப்பதை நிறுத்தினாள். பிள்ளையின் தலைமுடியைக் கோதினாள். ‘எட்டு நாளாச்சு தூக்கி’ என்றாள்.

கீழ வீதியில் இரண்டு பிள்ளைகள், மேட்டுத் தெருவில் ஒன்று. எல்லாம் கனத்துக் கிடந்தன. அந்த வீட்டு வாசல்களில் போஸ்டர் மட்டும் கூடுதலாக ஒட்டியிருந்தது.

திலகவதி மாமனாரிடமே கேட்டுவிட்டாள். அவர் ரேஷன் கார்டு அளவுள்ள பூத் சிலிப்புகளைத் தெருவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

‘மாமா, பாப்பாவுக்கு நாமளே ஒரு பேரு வச்சிரலாமா?’

அவர் நிமிர்ந்து பார்த்த பார்வையில் கோபம் இல்லை. தேர்ந்த ஆசாரி தன் வீட்டிலேயே கோணல் ஜன்னலைப் பார்த்ததுபோல ஒரு வருத்தம்தான் இருந்தது.

‘ஏம்மா, எனக்குத் தலைவர் பேர் வச்சாரு. நான் கனமாவா இருக்கேன்? உன் புருஷனுக்கு வச்சாரு. ஊதினா பறந்துருவான். பேரால ஒண்ணும் ஆகாது. பால்பவுடர் கொடுத்தா பிள்ளை கனக்கத்தான் செய்யும்.’

‘அந்தத் தலைவர்களுக்கு மணல் கொட்டலையே மாமா.’

‘மணிக் கட்சிக்காரன் பேச்சு இந்த வீட்டுக்குள்ள எப்படி வந்துச்சு?’ என்றார் அவர், அடுக்கிய சிலிப்பை மறுபடியும் கலைத்து அடுக்கியபடி. தெற்குத் தெருப் பிள்ளைகளின் துக்கத்துக்கு வார்டுச் செயலாளர் என்ற முறையில் மாலை கொண்டுபோய் வைத்தவர் அவர்தான். வைத்துவிட்டு வந்து மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நாலாம் நாள், ‘பெத்தவங்க கொஞ்சம் பாத்துக்கிட்டிருக்கலாம்’ என்று சொல்லிவிட்டு ஒரு தட்டுச் சோறும் சாப்பிட்டார்.

செங்குட்டுவன் ராத்திரி எல்லாவற்றையும் கேட்டான். கேட்டுவிட்டு, ‘எலெக்ஷன் முடியட்டும் திலகா’ என்றான். அவன் எதற்கும் அதையே சொன்னான். குழாயில் தண்ணீர் வராததற்கும் அதையேதான் சொன்னான்.

கடைசியில் அவள் எதிர்வீட்டுக்குப் போனாள். சரோஜா அக்கா பரம்பரையாக மணிக் கட்சி. மணல் கொட்ட ஆரம்பித்த நாளிலிருந்து தினமும் காலையில் தெருவுக்குக் கேட்கிற மாதிரி துடைப்பத்தைத் தட்டிக்கொண்டு, ‘உங்க அண்ணன் வந்துட்டுப் போனாரா? நல்லவேளை, எங்க வீட்டுப் பூனைக்கு ஒதுங்க இடமில்லாம இருந்துச்சு’ என்று சிரித்துக்கொண்டிருந்தவள். ஊரில் கண் தெரிகிற ஒரே ஆள் இவள்தான் என்று நினைத்துக்கொண்டு திலகவதி படியேறினாள்.

சரோஜா அக்காவின் முகம் சரியில்லை. டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. மணிக் கட்சி வேட்பாளர், திருமேனி டாக்டர், பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். பேச்சுக்கு நடுவே ‘குரோக்’ என்றது. யாருடைய குரலோ என்று திலகவதி திரும்பிப் பார்த்தாள். மறுபடியும் ‘குரோக், குரோக்’ என்றது. டாக்டரின் வயிற்றுக்குள்ளிருந்து. அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஊர்க்குளத்தை மூடி அவர் பிளாட் போட்டு விற்ற பத்திரங்கள் அன்று காலையில்தான் வெளியே வந்திருந்தன.

‘தவளையாக்கா?’

‘தவளை இல்லாம வேற என்ன? நல்ல சகுனம்டி. தவளை கத்தினா மழை வரும். வறண்ட ஊருக்கு மழை கொண்டாரப்போற மனுஷன் அவரு.’ சரோஜா அக்கா டி.வி. சத்தத்தைக் குறைத்தாள். ‘உங்க ஆளு மாதிரி ஊரையே குப்பையாக்கலையே. தவளை யாருக்கு என்ன செஞ்சுது? அது பாட்டுக்கு உள்ள இருக்கு.’

‘அக்கா, அந்தக் குளத்துல தானே நீங்க நீச்சல் கத்துக்கிட்டதாச் சொல்லுவீங்க?’

‘டீ குடிக்கிறியா?’ என்று கேட்டாள் சரோஜா அக்கா. குடித்தார்கள். சட்டென்று சரோஜா அக்கா சொன்னாள்: ‘நாங்க உங்களுக்கு ஓட்டுப் போட முடியுமா சொல்லு? செத்த எங்க அப்பா எந்திரிச்சு வந்து அடிப்பாரு.’

திலகவதிக்கு அது புரிந்தது. அதுதான் அவளுக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது. அவளுக்கும் அப்படித்தானே? அண்ணன் மேல் அவளுக்கு வெறுப்பு வரவில்லை. எத்தனை தடவை முயன்றும் மணியின் பக்கம் மனசு சாயவில்லை. மைக்கில் கட்சிப் பாட்டு கேட்டால் இன்னும் மயிர்க்கூச்செறிந்தது. பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே அவள் உதடு அந்தப் பாட்டை முணுமுணுத்தது.

பிரச்சாரத்தின் கடைசி நாள் பதினாலாவது வார்டு. அறிவொளி விடிகாலையிலேயே குளித்து, கரைவேட்டி கட்டி, பொன்னாடையை மடித்துத் தட்டில் வைத்துவிட்டார். திலகவதி பிள்ளையைக் குளிப்பாட்டி மை இட்டாள். இட்ட மை கண்ணீரில் கரைந்ததால் மறுபடியும் இட்டாள், கண்ணீர் அவளுடையது. ஆனால் வேன் மேட்டுத் தெருவில் தன் மணலிலேயே சிக்கிக்கொண்டது. இருபது பேர் தள்ளினார்கள். நகர்ந்தது, மறுபடியும் புதைந்தது. மாலை ஐந்து மணிக்குப் பிரச்சாரம் முடியவேண்டும் என்பது சட்டம். வேன் தெருமுனைக்கு வரும்போது ஐந்து மணி ஒரு நிமிஷம். போலீஸ்காரர் கைக்கடிகாரத்தைக் காட்டினார். அறிவொளி தெருமுனையில் நின்று சின்னப் பிள்ளைபோல அழுதார். அண்ணன் வேனிலிருந்தே கும்பிட்டு, ‘ஜெயிச்சதும் மொதப் பேரு உங்க வீட்டுலதான்’ என்று சொல்லி அனுப்பினார்.

திலகவதி அன்று சாமியை நினைத்துக்கொண்டு தூங்கினாள். மாதாவையும் சேர்த்தே நினைத்துக்கொண்டாள். சிஸ்டர் ஸ்கூலில் வந்த சின்ன வயசுப் பழக்கம்.

வாக்குப்பதிவு நாளில் நெடுங்கரை ஜனம் முழங்கால் மணலில் கால்வாங்கிக் கால்வைத்துப் போய், பள்ளிக்கூட வாசலில் வரிசை வரிசையாக நின்றது. ஒரு வரிசையில் மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு குடைக்காரர்கள், ஒரு வரிசையில் தவளைச் சத்தத்துக்குத் தலையாட்டிக்கொண்டு மணிக்காரர்கள். தெற்குத் தெருவில் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள். அவர்கள் யாரையும் பார்க்கவில்லை, யாரும் அவர்களைப் பார்க்கவில்லை. அறிவொளி மட்டும் அவர்களுக்கு வரிசையில் வழிவிட்டு, தன் வேட்டிக்கரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

திலகவதி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அட்டைமறைப்புக்குப் பின்னால் நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளுக்கே தெரியாது. ‘சீக்கிரம்மா’ என்று அதிகாரி குரல்கொடுத்தார். விரல் மணியின் மேல் போய் ஒரு நொடி நின்றது. அப்புறம் ஜெயிலுக்குப் போன மாமனாரும், அவளைத் தோளில் தூக்கிக் கூட்டம் காட்டிய அவள் அப்பாவும், அந்த நீலக்கரையும், அந்தப் பாட்டும் எல்லாம் சேர்ந்து அந்த விரலைப் பிடித்து நகர்த்தின. குடையை அமுக்கினாள். நீளமாக ‘பீப்’ என்று சத்தம் வந்தது. வெளியே வந்தபோது தலை நிமிர்ந்தே வந்தாள். அவளுக்கு வெட்கமாக இல்லை. அது ஏன் என்று மட்டும் பிடிபடவில்லை.

மூன்று வாரம் கழித்து எண்ணினார்கள். குலோத்துங்கன் அண்ணன் போன தடவையைவிட நாலாயிரம் ஓட்டு கூடுதலாக வாங்கி ஜெயித்தார்.

ஊர்வலம் சொன்னபடியே நேராகப் பதினாலாவது வார்டுக்கு வந்தது. தாரை தப்பட்டை, சரவெடி, விரித்த குடைகள், தலைகீழ்க் குடைகள். அண்ணன் வேனிலிருந்து இறங்கி நடந்தே வந்தார். அவர் சிரிக்கும்போதெல்லாம் வாயோரத்தில் ஒரு கோடு மணல் வழிந்தது. தெருவே தோள்மேல் தோளாக நின்றது. சரோஜா அக்கா மாடியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அறிவொளி பொன்னாடை போர்த்தினார். பக்கத்தில் நின்ற செங்குட்டுவன் ஒரு கையில் மைக்கையும் ஒரு கையில் செல்போனையும் பிடித்திருந்தான்.

‘கொண்டாங்க, நம்ம வீட்டு மகாலட்சுமிய’ என்றார் அண்ணன். இரண்டு கையையும் நீட்டினார். இரண்டு சட்டைக்கையிலிருந்தும் மணல் மெல்லிய அருவிபோல விழுந்து, நிலைப்படிக்கு உள்ளேயும் கொஞ்சம் பரவியது.

திலகவதி பிள்ளையை அணைத்துக்கொண்டு நிலையில் நின்றாள். அங்கிருந்தே பேசினாள்.

‘அண்ணே, என் ஓட்டு உங்களுக்குத்தான் போட்டேன். அடுத்த தடவையும் குடைக்குத்தான் போடுவேன். என் கை அப்படித்தான் போகும்போல இருக்கு. ஆனா பாப்பாவைக் கேக்காதீங்க.’

தப்பட்டை நின்றது.

‘திலகா!’ என்றார் மாமனார்.

‘பேர் வச்சாச்சு மாமா.’

‘யாரு வச்சா?’

‘நான்தான்.’

‘எப்ப வச்சே?’

‘இப்ப’ என்றாள் அவள். குனிந்து, இவ்வளவு நாளும் ஒருவரும் பேர் சொல்லாத அந்தக் காதில் வாயை வைத்து, வேர்வையில் உதடு உப்புக்கரிக்க, ‘சிட்டு’ என்றாள். ‘சிட்டு. சிட்டு.’ யோசித்து வைத்த பேர் இல்லை அது. கனமே இல்லாத ஒரு சொல்லைத் தேடியபோது நாக்கில் வந்து உட்கார்ந்தது. பிள்ளை காலை உதைத்து, வீல் என்று, நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரி அழுதது.

அண்ணனின் நீட்டிய கைகள் அப்படியே நின்றன. பேச வாயைத் திறந்தார். வாய் நிறைய மணல்தான் வந்தது. யாரோ கூட்டத்திலிருந்து, ‘தாய்க்குலத்தையே பேர் வைக்கச் சொன்ன தலைவர் வாழ்க!’ என்று கத்தினார்கள். ஒரு மூச்சு நேரம் யோசித்துவிட்டுக் கூட்டம் முழுவதும் ‘வாழ்க!’ என்றது. தப்பட்டை மறுபடியும் பிடித்துக்கொண்டது. செங்குட்டுவன் மைக்கை மெதுவாகக் கீழே இறக்கினான். அறிவொளி மருமகளைப் பார்த்தபடியே நின்றார். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது, மானம் போன வலி இருந்தது. அதற்கெல்லாம் அடியில், இருபத்திரண்டு நாள் ஜெயிலில் இருந்த ஒரு ஆள் இன்னொரு ஆளைப் பார்க்கிற பார்வையும் கொஞ்சம் இருந்தது.

கட்சிக்காரர்கள் எந்நேரமும் வந்துபோகிற வீடு என்பதால் அந்தக் கதவை இரவிலும் சும்மா சாத்தித்தான் வைப்பார்கள்; அவள் வாழ்க்கைப்பட்டு வந்த இத்தனை நாளில் அதன் தாழ்ப்பாளைத் தொட்டதே இல்லை. திலகவதி உள்ளே திரும்பினாள். நிலைப்படியில் கிடந்த மணலைக் காலால் வெளியே தள்ளினாள், கதவைச் சாத்தினாள், சாத்திய கதவுக்குத் தோளைக் கொடுத்து நின்றாள், அழுகிற மகளை, ஒரு பூவளவுகூடக் கூடாத எடையுடைய தன் மகளை, இடது கையில் ஏந்திக்கொண்டு, வலது கையால் துருவேறிய தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்தாள். அது முதலில் வரவில்லை, அப்புறம் வந்தது, வந்து குழியில் உட்கார்ந்தது.